முள் நிற்க வேண்டிய இடம்

பிப்ரவரி 5, திங்கள்

செண்பகா, இந்த நேரத்துக்கு உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். ஊரில் எல்லோருக்கும் சூரியன் போனால் பொழுது சாயும். எனக்கு என் குட்டி முகி தூங்கினால்தான் சாய்கிறது. இப்போது தூங்குகிறாள், அல்லது தூங்குவதுபோல் படுத்துக்கொண்டு என்னைச் சோதிக்கிறாள். பேனா கீறும் சத்தத்துக்கு முழித்துவிடுவாளோ என்று அழுத்தாமல் எழுதுகிறேன். படம் எடுத்து அனுப்பும்போது எழுத்து மங்கலாகத் தெரிந்தால் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்.

நீ சொன்னபடியே செய்கிறேன். "ஃபோன்ல பொலம்பாதடி தாரகா. தேதி போட்டு எழுதி வை. கேஸ் எவ்வளவு வெச்ச, சுடர் எப்படி எரிஞ்சது, எல்லாத்தையும் எழுது. ஞாயித்துக்கெழம மொத்தமா அனுப்பு, எங்க தப்புன்னு நான் சொல்றேன்." டப்ளினுக்குப் போனதிலிருந்து நீ நம் எம்.எஸ்சி. ஆய்வகத்து மேடம் மாதிரியே பேசுகிறாய்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ விட்டுப்போன கேஸ் டார்ச்சைக் கொளுத்த எனக்கு அப்படியொன்றும் ஆசை கிடையாது. கண்ணாடிக் குச்சியை உருக்கிப் பாசிமணி செய்து நான் என்ன கடையா வைக்கப்போகிறேன். பெட்டிக்குள்ளேயே கிடந்து துருப்பிடித்துவிட்டால் உனக்கு யார் பதில் சொல்வது என்றுதான் இன்று பிரித்தேன்.

டார்ச், இரண்டு குழாய்கள், கேஸுக்கான ரெகுலேட்டர், அதன் மேல் முள் வைத்த வட்ட மீட்டர், கண்ணுக்குப் போடும் ஊதாக் கண்ணாடி, ஒரு கட்டு கண்ணாடிக் குச்சிகள். எதுவும் உடையவில்லை. குழந்தை இருக்கிற வீடு என்பதால் எல்லாவற்றையும் சானிடைசர் போட்டுத் துடைத்தேன். மீட்டரின் கண்ணாடியில் மட்டும் ஏதோ சிவப்புக் கறை, லேசில் போகவில்லை. நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்து வந்து தேய்த்தேன். இப்போது பளிச்சென்று இருக்கிறது.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மூன்று பக்கமும் திறந்த தகரக் கொட்டகை இருக்கிறதே, அதில் பழைய மேசையைப் போட்டு, பக்கத்தில் ஸ்பேர் கேஸ் சிலிண்டரை வைத்து டார்ச்சை மாட்டியாகிவிட்டது. நாளைக்குக் கொளுத்த வேண்டும். துருவுக்காகத்தான்.

பிப்ரவரி 6, செவ்வாய்

காலையில் சாப்பிடும்போது அத்தை இட்லியை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "வேகவே இல்லயே கண்ணு" என்றார். என் மாமியார் கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்து ஒரு மாதமாக எங்களோடு இருக்கிறார். இட்லி வெந்துதான் இருந்தது. ஆவி அதிகமானால் குக்கர் மூடி எகிறிவிடும் என்று நான் அடுப்பைச் சிம்மில் வைப்பேன், அவ்வளவுதான்.

இதில் ஒரு மர்மம் உண்டு. நான் சிம்மில் வைத்துவிட்டு முகியைப் பார்க்கப் போய்த் திரும்பினால் அடுப்பு திகுதிகுவென்று எரிகிறது. திருகு பழசாகி இளகிவிட்டது போல. ஆள் வரச்சொல்ல வேண்டும்.

டார்ச்சுக்கு ஆக்ஸிஜன் வேண்டும் என்று சொல்லியிருந்தாய் அல்லவா. கொரோனா நேரத்தில் பயந்துபோய் வாங்கி, நல்ல வேளையாக ஒருவருக்கும் தேவைப்படாமல் பரணில் கிடந்த ஆக்ஸிஜன் மெஷினை என் வீட்டுக்காரர் பூபதி தோளில் தூக்கி மாடியேற்றினார். கீழ்வீட்டு ஹவுஸ் ஓனரம்மா வாசலில் நின்று அந்த மெஷினையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாராம். "என்னமோ கேக்க வந்தாங்க, அப்பறம் கேக்காமயே கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க" என்றார். எங்களுக்குப் புரியவில்லை.

பூபதி மோட்டார் பம்ப் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருக்கிறார். பிரஷர் என்று யாராவது சொன்னாலே போதும், சட்டைக் கையை மடித்துவிடுவார். ரெகுலேட்டர் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருப்பி முள்ளை ஏற்றினார். "அங்க டார்ச் வால்வ் மூடியிருக்குங்க, கேஸ் ஓடறப்பத்தான் முள்ளப் பாக்கோணும்னு செண்பகா சொல்லியிருக்கா" என்றேன். "பம்ப்புக்கும் அப்படித்தான், எனக்குத் தெரியாதா" என்று சொல்லிவிட்டு, தெரியாதவர் மாதிரி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ஒருவழியாகக் கொளுத்தினோம். மஞ்சளாக எழுந்தது, ஆக்ஸிஜனைத் திறந்ததும் நீலமாகி நிமிர்ந்து நின்றது. முள் அசையாமல் நின்றது. அவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் சுடர் சீறியது. சுருங்கிச் சுருங்கி டார்ச்சின் மூக்கோடு ஒட்டிக்கொண்டது. பிறகு 'டப்' என்றது. அணைந்துவிட்டது. முள்ளைப் பார்த்தால் நல்லா இறங்கியிருக்கிறது.

எல்லா வால்வையும் மூடிவிட்டுக் கீழே ஓடினேன். முகி சிரித்துக்கொண்டிருந்தாள். பயந்த குழந்தைகள் சில நேரம் சிரிக்கும் என்று எங்கேயோ படித்திருக்கிறேன்.

பிப்ரவரி 7, புதன்

இன்று நடந்ததை எழுத இரண்டு பேனா வேண்டும்.

காலை பத்து மணிக்கு ஹவுஸ் ஓனரம்மா வந்தார். ஒரு கையில் பெரிய ஹார்லிக்ஸ் பாட்டில், இன்னொரு கையில் சாத்துக்குடிப் பை. செருப்பை வழக்கமாக உதறிக் கழற்றுகிறவர் இன்று மெதுவாகக் கழற்றினார். அத்தை கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"இப்ப எப்படீங்க்கா இருக்குது?" என்று ஹவுஸ் ஓனரம்மா தணிந்த குரலில் கேட்டார்.

"இருக்கறனுங். காலுதான் கொஞ்சம் கடுகடுங்குது."

"காலுக்குக்கூட வந்துருச்சுங்களா" என்று சொல்லி அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ராத்திரியெல்லாம் மூச்சு விட முடியுதுங்களா?"

"அதென்னுங்க அப்படிக் கேட்டுட்டீங்க. நல்லா விடறனே."

"உங்களுக்கு எப்பவுமே மனசு தைரியமுங். மிசினு மேல போனப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சுங். ஆனா எதுக்குங்க மொட்டமாடில கொண்டுபோயிப் படுக்க வெக்கறாங்க? காத்தோட்டத்துக்குங்களா?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாயைத் திறக்கும் முன்னே அத்தை ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஆக்ஸிஜன் எதற்கு என்று அவருக்குத் தெரியும். ஆனாலும், "என்னமோ போங், ஏதோ ஓடுது" என்று ஒரு பெருமூச்சும் விட்டார்.

நான்தான் உண்மையைச் சொன்னேன். சொன்னது தப்பாகிவிட்டது. நோயாளி இல்லை என்ற நிம்மதி ஹவுஸ் ஓனரம்மா முகத்தில் ஒரு நொடிகூட நிற்கவில்லை. "அப்ப நேத்து டப்புன்னு கேட்டுதே, அது?" என்று எழுந்து மாடிக்கு ஏறினார். சிலிண்டரைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார்.

"ஏம்மிணி, படிச்ச புள்ள நீயி. எங்கூட்டு மேல குண்டு வெச்சிருக்கறியே."

"குண்டு இல்லீங்கம்மா. வீட்டு அடுப்பு மாதிரிதானுங்."

"எங்கூட்டு அடுப்பு டப்புங்காது. ஞாயித்துக்கெழம காலைல வர்றேன். எம்முன்னால பத்த வெச்சுக் காட்டு. டப்புங்காம எரிஞ்சா இருக்கட்டும். ஒரு தடவ டப்புன்னாலும் அன்னைக்கே எல்லாத்தையும் எறக்கீரோணும். மறுபடி ஏத்தக்கூடாது."

சாத்துக்குடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஹார்லிக்ஸைக் கேட்கச் சங்கடப்பட்டு விட்டுப் போனார்.

எனக்கொன்றும் நஷ்டமில்லை. இறக்கச் சொன்னால் இறக்கிவிடலாம்.

மத்தியானம் முகி தூங்கும்போது ஒருமுறை கொளுத்திப் பார்த்தேன். நேற்று டப்பென்ற பயத்தில் இன்று முள்ளைக் கொஞ்சம் கீழேயே வைத்தேன். டப். சாயங்காலம் இன்னும் கீழே வைத்தேன். கொளுத்தியதுமே டப்.

பிப்ரவரி 8, வியாழன்

கேஸ் எங்கேயோ ஒழுகுகிறது, அதனால்தான் முள் இறங்குகிறது என்று முடிவு செய்தேன். சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் துணி சோப்பில் காரம் அதிகம். முகியின் ஷாம்பூவைக் கரைத்து ஒவ்வொரு இணைப்பிலும் தடவினேன். ஒரு குமிழ்கூட வரவில்லை. சிலிண்டரிலிருந்து டார்ச் வரைக்கும் பிறந்த குழந்தை வாசம் அடிக்கிறது.

பூபதி ஆஃபீசுக்குக் கிளம்பும் முன் சுடரை எரியவிட்டு முள்ளை ஏற்றி நிறுத்தினார். அவர் பார்க்கும் வரை நிற்கிறது. அவர் கீழே போனதும் இறங்குகிறது. "எம்மேல அதுக்கு மரியாதை" என்கிறார்.

அவர் சொல்லாத ஒன்று எனக்குத் தோன்றுகிறது. பகலில் இந்த வீட்டில் மூன்று பேர்தான். நான், முகி, அத்தை. முகிக்குப் பத்து மாதம். அத்தை துணி காயப்போடுகிறேன் என்று மாடிக்கு வருகிறார். நான் கொளுத்தும் நேரமாகப் பார்த்து வருகிறார். கேஸை வீணாக்குவது கோபிக்காரர்களுக்குப் பிடிக்காது. இதற்கு மேல் நான் எழுதவில்லை.

சாம்பாரில் மிளகாயே இல்லையா என்று பூபதி கேட்டார். தாய்ப்பால் குடிக்கிற குழந்தை இருக்கிற வீட்டில் எப்படி மிளகாய் போடுவது. ஃபேனை இரண்டில் வைத்தேன் என்று அதற்கும் ஒரு முணுமுணுப்பு.

செண்பகா, அந்த மீட்டரின் மேல் நீ ஏதாவது அடையாளம் வைத்திருந்தாயா? முள் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு? சும்மாதான் கேட்கிறேன். சிவப்பாக ஏதாவது?

பிப்ரவரி 9, வெள்ளி

இன்றும் டப். முகிக்கு மேல்வரிசையில் பல் தெரிகிறது.

பிப்ரவரி 10, சனி

இன்று ஒரு காரியம் செய்தேன். நல்ல காரியம் என்று சொல்ல மாட்டேன். நான் சுடரைக் கொளுத்தி, பூபதி முள்ளை ஏற்றி நிறுத்தியதும், ரெகுலேட்டர் திருகின் மேல் முகியின் பவுடரைத் தூவி வைத்தேன். யார் தொட்டாலும் விரலில் ஒட்டும். பிறகு அத்தை வழக்கம்போலத் துணி காயப்போட வந்தார். நடுவில் கீழே முகி அழுவதுபோல் இருந்தது, படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அவள் அழவில்லை. திரும்பினால் சுடர் சீறுகிறது, முள் இறங்கியிருக்கிறது. டப்.

திருகைப் பார்த்தேன். பவுடர் கலைந்திருந்தது.

"அத்தை, கையக் காட்டுங்க" என்றேன். காட்டினார். ஈரத்துணி பிழிந்த கை, சுத்தமாக இருந்தது. ஈரக்கையில் பவுடர் எப்படித் தெரியும்? அதை யோசிக்காமல் விட்டுவிட்டேன். பூபதி கையில் கிரீஸ்தான் இருந்தது. என் விரலில் பவுடர் இருந்தது. ஆனால் நாளெல்லாம் முகிக்குப் பவுடர் போடுகிற கை, அது எப்போதும் அப்படித்தான் இருக்கும், அதைக் கணக்கில் எடுக்க முடியாது.

"எதுக்குக் கையப் பாக்கறே? ரேகை பாக்கப் படிச்சிருக்கியா?" என்றார் அத்தை.

வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "நீங்க அந்தத் திருகைத் தொட்டீங்களாங்க அத்தை?"

அவர் கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "நாளைக்கு அந்தம்மா வரட்டும், சொல்றேன்" என்று சொல்லிவிட்டு ஹார்லிக்ஸ் கலக்கப் போய்விட்டார்.

ஹவுஸ் ஓனரம்மா முன்னால் என்ன சொல்லப்போகிறார்? மருமகள் பழி போட்டாள் என்றா?

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். போன வருடம் உன் வீட்டில் நீ என் கையைப் பிடித்துச் செய்யவைத்த அந்தக் கோணல் பாசிமணி ஞாபகம் இருக்கிறதா? நீலம். அது என் தாலிக்கொடியில் இருக்கிறது. நூல் சுற்றிக் கோத்திருக்கிறேன், வெளியே தெரியாது. முகி பால் குடிக்கும்போது அதைத்தான் பிடித்துக்கொள்வாள்.

அவள் பிறந்ததிலிருந்து நான் தொடங்கிய எதையும் முடித்ததில்லை. டீ ஆறிவிடுகிறது. பின்னல் பாதியில் நிற்கிறது. பிஎச்.டி. விண்ணப்பம் ஈமெயிலில் பாதியில் கிடக்கிறது. ஒரு பாசிமணி மட்டும், அவளுடைய ஒரு மத்தியானத் தூக்கத்துக்குள் தொடங்கி முடிந்துவிடும். பிறகு அது எனக்கு முன்னால் இருக்கும், முழுசாக. துருவுக்காகத்தான் டார்ச்சை எடுத்தேன் என்று திங்கள்கிழமை எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

நாளைக்கு அது டப்பென்றால் இறக்கிவிடுவார்கள்.

இந்தப் பக்கத்தின் ஓரத்தில் வெள்ளையாக என்னவோ ஒட்டியிருக்கிறது. தட்டிவிட்டேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

காலை ஒன்பதரைக்கு ஹவுஸ் ஓனரம்மா வந்தார். பட்டுக்கரை போட்ட பச்சைச் சேலை. ஏதோ திறப்பு விழாவுக்கு வந்தவர் மாதிரி இருந்தார். கையில் ஒரு வாளி மணல். முகியைப் பூபதியிடம் கொடுத்துக் கீழே உட்காரவைத்துவிட்டு, அத்தையும் நானும் அவரும் மாடியேறினோம்.

ஊதாக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். ரெகுலேட்டரைத் திறந்தேன். டார்ச்சைக் கொளுத்தி, கேஸ் ஓடும்போதே முள்ளைப் பார்த்துப் பார்த்து ஏற்றினேன். முதல் நாள் பூபதி வைத்த இடம் எனக்கு மனப்பாடம். ஆக்ஸிஜனைத் திறந்தேன். நீலமாக நிமிர்ந்தது.

"இப்ப டப்புங்குமா?" என்று ஹவுஸ் ஓனரம்மா வாளியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"பாக்கலாமுங்" என்றார் அத்தை.

கீழே ஒரு சத்தம். முகியின் குரல் மாதிரி இருந்தது. நான் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

"இதா, இதான்" என்று அத்தை சொன்னார். "அம்மிணி, அப்படியே இரு. நகராத. இப்ப உன்ற எடது கை எங்க இருக்குதுன்னு பாரு."

பார்த்தேன். என் இடது கை ரெகுலேட்டர் திருகின் மேல் இருந்தது. கால் சுற்று திருகியும் இருந்தது.

"ஆருதான் தொடறாங்கன்னு பவுடரு போட்டுப் பாத்தியே. வாரம் பூரா பாத்துட்டுத்தான இருக்கறேன். பத்த வெக்கறே, நல்லா எரியுது. கொழந்த நெனப்பு வருது, படியப் பாக்கறே. பாக்கறப்பவே கை போயி கொஞ்சம் கொறைக்குது. உனக்கே தெரியறதில்ல. ஃபேனு, மொளகா, இட்லி அடுப்பு, எல்லாம் இந்தக் கைதான்."

"இட்லி அடுப்பு தானா எச்சாகுதுங்க அத்தை. திருகு இளகிருச்சு."

"திருகு நல்லாத்தான் இருக்குது. அத எச்சு பண்றது நானு. பண்லீன்னா இந்த வீட்டுல ஆரும் வெந்த சோறு திங்க முடியாது."

ஹவுஸ் ஓனரம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. சுடர் சீறத் தொடங்கியிருந்தது. சுருங்குகிறது. இன்னும் ஒரு மூச்சுதான். திருகிய கால் சுற்றைத் திருப்பி ஏற்றினேன்.  சுடர் ஒருமுறை குதித்து, பிறகு நின்றது.

டப்பென்னவில்லை.

"மறுபடி கை போகும்" என்றார் அத்தை. மேசையிலிருந்து பச்சைக் கண்ணாடிக் குச்சி ஒன்றை எடுத்து என் ஒரு கையில் திணித்தார். கண்ணாடி ஒட்டாமலிருக்கக் களிமண் பூசிக் காயவைத்த எஃகுக் கம்பியை மறு கையில் கொடுத்தார். "ரெண்டு கையிலயும் வேல இருந்தா எதையும் திருக முடியாது. செய்யி."

கீழேயிருந்து பூபதியின் குரல், "எரியுதா?"

"எரியுது, நீ வாய மூடிட்டுக் கொழந்தையப் பாரு" என்றார் அத்தை.

குச்சியைச் சுடருக்குள் காட்டினேன். முனை சிவந்து, இளகி, தேன் மாதிரி உருண்டது. கம்பியைச் சுற்றினேன். கீழே முகி உண்மையாகவே அழுதாள். படிக்கட்டைப் பார்த்தேன், கைகள் சுற்றிக்கொண்டே இருந்தன. நின்றால் கண்ணாடி ஒருபக்கம் தொங்கிவிடும், தெரியும்தானே உனக்கு. பூபதி ஏதோ பாட ஆரம்பித்தார். அழுகை நின்றது. அவர் பாட்டைக் கேட்டு அழுகை நின்றது இதுதான் முதல் தடவை.

பாசிமணி உருண்டையாக வந்தது. ஒரு பக்கம் லேசாகத் தாழ்வு. சட்டியில் சூடாக்கி வைத்திருந்த வெர்மிகுலைட் என்ற கனிமத் துகளுக்குள் அதைப் புதைத்துவிட்டு, ஆக்ஸிஜனை மூடி, கேஸை மூடினேன். சுடர் ஒரு சத்தமும் இல்லாமல் போனது.

ஹவுஸ் ஓனரம்மா சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கூட்டு அடுப்பே இதவிட எச்சா சத்தம் போடும்" என்றார். பிறகு, "எப்ப எடுக்கலாம்?"

"ஆறோணுமுங்கம்மா. இப்ப எடுத்தா விரிஞ்சிரும்."

"ஆறட்டும். இந்தச் சேலைக்குச் சேருமான்னு பாக்கோணும்." வாளியைத் தூக்கியவர் மறுபடி கீழே வைத்தார். "மணலு இங்கயே இருக்கட்டும். மிசினும் இருக்கட்டும். பகல்ல மட்டும். அப்பறம் அக்கா, ஹார்லிக்ஸ் எப்படியிருந்துதுங்?"

"முடிஞ்சு போச்சுங்" என்றார் அத்தை. "ஒடம்பு இப்பத் தேவலீங்."

சாயங்காலம் அத்தையிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் இட்லிக்கு ஊறவைத்துக்கொண்டிருந்தார். நான் வாயெடுக்கும் முன்னே, "நாளைக்கு அடுப்ப நான் பாத்துக்கறேன், நீ மாடில வேலையப் பாரு" என்றார். வேறு எதுவும் பேச விடவில்லை.

இப்போது உனக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி. மீட்டரின் கண்ணாடியில் இருந்தது கறை இல்லை. நீ வைத்த புள்ளி. நான்தான் ரிமூவர் போட்டு அழித்தேன். வியாழக்கிழமையே தெரிந்துவிட்டது.

ஆனால் இன்று சுடர் நின்றபோது முள் எங்கே நின்றது என்று பார்த்து வைத்துக்கொண்டேன். முகி தூங்கியதும் என் நெயில் பாலிஷால் அதே இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன். ரோஸ் நிறம், சிவப்பு என்னிடம் இல்லை. இனி இந்த மீட்டரை யாரும் துடைக்கப்போவதில்லை. கேஸை மூடினேனா என்று மாடிக்குப் போய்ப் பார்க்கப்போவதும் இல்லை, அதுவும் முடிவாகிவிட்டது.

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மூடித்தான் இருக்கிறது.

எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து இதோடு அனுப்புகிறேன். கடைசிப் படம் மீட்டர். நீ புள்ளி வைத்திருந்த இடமும் இதுதானா, அல்லது நான் கொஞ்சம் கீழே வைத்திருக்கிறேனா, அதை மட்டும் சொல். நாளைக்கு முகியின் மத்தியானத் தூக்கத்தில் கொளுத்தப்போகிறேன். சீக்கிரம் பதில் போடு.